ஜன்னல் வேண்டாதவள்

வலது கை நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றியது. ஊசி கண்ணிக்குள் நுழைந்து புதிய கண்ணியை இழுத்து எடுத்தது, பழையதை நழுவ விட்டது. இடது கை அடுத்த கண்ணியை முனைக்குத் தள்ளிக் கொடுத்தது. மடியில் கிடந்த கம்பளி உருண்டை ஒவ்வொரு இழுப்புக்கும் லேசாகப் புரண்டது. இடையிடையே மூன்று கண்ணிகளைக் குட்டை ஊசியில் ஏற்றி ஒதுக்கி, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, ஒதுக்கியவற்றைத் திரும்ப எடுத்துப் பின்ன வேண்டும். அப்படிச் செய்தால் கம்பளியில் கயிறு திரித்ததுபோல ஒரு முறுக்கு விழும். அந்த இடம் வரும்போதெல்லாம் விரல்கள் தயங்கின, எதையோ மறந்துவிட்டு நினைவுபடுத்திக்கொள்வதுபோல. வரிசை முடிந்ததும் கட்டைவிரல் முடிந்த பகுதியைக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டு போனது.

பாதி வழியில் நின்றது. கீழே இறங்கி மறுபடியும் தடவியது.

முறுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். குட்டை ஊசியை முன்னால் பிடித்தால் இடப்பக்கம் சாயும், பின்னால் பிடித்தால் வலப்பக்கம். கீழே உள்ளவை இடப்பக்கம் ஒழுங்காகச் சாய்ந்திருந்தன. மேலே வர வர ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். சம்பள நாளன்று குடித்துவிட்டு வருகிறவன் நடந்த பாதை மாதிரி இருந்தது.

கைகள் சற்று நேரம் அசையாமல் கிடந்தன. பிறகு ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கின. வரிசை வரிசையாகக் கம்பளி அவிழ்ந்தது.

“ஐயோ அக்கா! பின்னச் சொல்லிக் குடுத்தா பிரிச்சிக்கிட்டு இருக்கீங்க!”

வாசலில் நின்று கத்தியவள் வினோதா. இரண்டு வீடு தள்ளி இன்னொரு காம்பராவில் இருப்பவள், காலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்தாள். அவிழ்ந்துகொண்டிருந்தது அவளுடைய சுவெட்டர்தான்.

“வினோவா?” என்று கேட்டாள் கைகளுக்குச் சொந்தக்காரி. “ஏண்டி, இப்ப காலையா, சாயங்காலமா?”

வினோதா சிரித்தாள். இசபெல் அக்கா எப்போதும் இப்படித்தான் ஏதாவது கேட்டு வைப்பாள் என்று நினைத்தாள். உள்ளே வந்து அவளுடைய முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா விளையாடவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருந்தாள்.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் ரோட்டை விட்டு மேலே ஏறினால், மூடுபனி கலைய நேரமாகும் ஒரு சரிவில், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற அந்த லயம் இருந்தது. கடைசிக் காம்பரா யேசுரட்ணத்துக்குச் சொந்தம். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். அவனுடைய மனைவி அனோஜா கொழுந்து பறித்தாள். யேசுரட்ணத்தின் அக்காதான் இசபெல். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், கண் தெரியாதவள்.

பிறவியிலேயே அப்படி இல்லை. சின்ன வயதில் பொழுது சாயும் நேரத்தில் மட்டும் படிகளில் இடறுவாள். மாலைக்கண் என்று ஆட்டு ஈரல் அவித்துக் கொடுத்தார்கள். பிறகு பகலிலும் ஓரங்கள் மறைந்தன. மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. குழாய் வருடா வருடம் ஒடுங்கியது. கடைசியில் ஒரு நாள் அதுவும் அடைபட்டுவிட்டது. பரம்பரையாக வரும் வியாதி, இதற்கு வைத்தியம் இல்லை என்றார்கள். இசபெல் நிறைய அழுதாள். ஆனால் பயப்படவில்லை. கை இருந்தது.

கம்பளி பின்ன அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாதா கோயிலில் பழைய துணி பங்கிட்டபோது கிழிந்த சுவெட்டர் ஒன்று அவளுக்கு வந்தது. அதைக் கிழிந்த இடத்திலிருந்து ஒரு வரிசை பிரிப்பாள், நூல் எப்படிப் போயிருந்தது என்று விரலால் பார்ப்பாள், குடைக் கம்பியை உரசிச் செய்த ஊசியால் அதே வரிசையைத் திரும்பப் பின்னுவாள். மழைக்காலம் முழுவதும் அந்த ஒரு சுவெட்டரைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள். அது முடிந்தபோது அவளுக்குத் தொழில் வந்துவிட்டது. நுவரெலியாவில் கம்பளிக் குல்லாவும் மேலாடையும் விற்கும் கடைகளுக்கு அவளுடைய வேலை போகத் தொடங்கியது. ஏப்ரலில் கூட்டம் கூடும்போது, கொழும்பிலிருந்து வந்து குளிரில் நடுங்குகிறவர்கள் அவற்றை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் இசபெலின் காலைகள் ஒழுங்காக வந்தன. அவள் படுத்தது இஸ்தோப்பில். காம்பராவுக்கு முன்னால் இருக்கும் திறந்த தாழ்வாரம்தான் இஸ்தோப்பு. யேசுரட்ணம் அதற்குப் பலகை அடித்து ஒரு ஜன்னலும் வைத்திருந்தான். விடியலில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் சங்கு ஊதுவதற்கு முன்பே அவளுக்கு விழிப்பு வந்துவிடும். அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருட்டு மெல்லிசாகும், அவ்வளவுதான். எதையும் பார்ப்பதில்லை. நிறமில்லை, உருவமில்லை. ஆனாலும் ஆழமான தண்ணீரிலிருந்து உடம்பு தானாக மேலே மிதந்து வருவதுபோல இருக்கும். மேலே வந்ததும், இதோ காலை என்று தெரியும்.

“சேவல் கூவித்தான் இசபெல் எழும்புறான்னு நெனைக்காதீங்க,” என்று அடுத்த காம்பரா காளியாயி சொல்வாள். “சேவல எழுப்பி விடுறதே அவதான்.”

போன வருடம் அனோஜா இஸ்தோப்பில் ஒரு சின்னக் கடை போட நினைத்தாள். சீனி, சவர்க்காரம், பிஸ்கட், வெற்றிலை. லயத்து ஆட்கள் இவற்றுக்காக ராகலை வரை போக வேண்டியிருந்தது. இடம்தான் இல்லை. அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று அனோஜா நான்கைந்து தடவை வாயைத் திறந்து மூடினாள். இசபெலே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

“நான் பின்னுக்குப் போறேன். எனக்கு ஜன்னல் எதுக்கு? கடைக்குத்தான் வேணும்.”

“அடுப்புக்குப் பக்கத்து அறைக்கா, நல்லா சூடா இருக்கும். இங்க காத்து குத்துது,” என்றாள் அனோஜா. அன்பாகத்தான் சொன்னாள். நல்ல மெத்தையை அக்காவுக்குக் கொடுத்தாள். சுவர் இடுக்குகளில் குளிர் வராமல் பழைய சாக்கைத் திணித்தாள். பின்னறைக்கு ஜன்னலே கிடையாது. கண் தெரியாதவளுக்கு அதனால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் தேவைப்படாத ஆளுக்கு வெளிச்சம் தேவைப்படாத இடம். கணக்குச் சரியாக இருந்தது.

அதே நேரத்தில் யாரோ தர்மத்துக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வந்து சேர்ந்தது. பக்கவாட்டிலும் மறைக்கிற பெரிய கண்ணாடி. போட்டுக்கொண்டால் அக்கா பெரிய இடத்து அம்மா மாதிரி இருக்கிறாள் என்று அனோஜா சந்தோஷப்பட்டாள். முகம் கழுவியதும் போட்டால் இசபெல் அதைப் படுக்கும்போதுதான் கழற்றுவாள்.

பிறகு காலைகள் நழுவத் தொடங்கின.

முதலில் சங்கு ஊதி அவளை எழுப்பியது. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சங்கு ஊதியும் எழும்ப முடியவில்லை. ஒவ்வொரு நாளும் தூக்கம் முந்திய நாளைவிடக் கொஞ்சம் பிந்தி வந்தது, கொஞ்சம் பிந்திப் போனது. சில வாரங்களில் அவளுடைய இரவு மற்றவர்களின் பகலுக்குள் போய் நின்றது. இன்னும் சில வாரங்களில் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்கே வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் நழுவியது. வீடு தூங்கும்போது அவள் முழித்துக்கொண்டு கம்பிபோல உட்கார்ந்திருந்தாள். வீடு முழித்தபோது சோற்றுத் தட்டின் முன்னாலேயே தலை சாய்ந்தது. தராசுச் சத்தமும் கூடைச் சத்தமும் கேட்கும். அது பகல் நிறுவையா, சாயங்கால நிறுவையா என்று யோசிப்பதற்குள் சத்தம் தூரத்துக்குப் போய்விடும். பஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு உலகத்தைக் கேட்பது மாதிரி இருந்தது. கனவுக்கும் நனவுக்கும் நடுவில் கரையே இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் அவள் பின்னினாள், தப்பாகப் பின்னினாள், பிரித்தாள்.

யேசுரட்ணம் அக்காவுக்கு மனதில் ஏதோ துக்கம் என்று நினைத்தான். அனோஜா, அறையை விட்டுக் கொடுத்த கோபம் என்று நினைத்து உள்ளுக்குள் குமைந்தாள். காளியாயிக்குச் சந்தேகமே இல்லை: காற்றுக் கறுப்பு அண்டியிருக்கிறது. மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினாள். ஏற்கனவே மாதாவின் பதக்கம் தொங்கிய கழுத்தில் அதுவும் சேர்ந்து தொங்கியது.

“கழுத்துல ரெண்டு பேரும் சண்டை புடிச்சிக்காம இருந்தா சரி,” என்றாள் இசபெல்.

நுவரெலியாக் கடைக்காரர்கள் மெல்ல மெல்லக் கம்பளி அனுப்புவதை நிறுத்தினார்கள். இசபெல் அதை வெளியே சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் வினோதாவுக்கு ருமேனியாவில் ஒரு தையல் ஆலையில் வேலை சரிவந்தது. அங்கே பனி கொட்டுமாம். கடையில் தொங்குவதெல்லாம் அந்தக் குளிருக்குக் காணாதாம். “நீங்க பின்னிக் குடுங்கக்கா. முறுக்கு வச்சு, கழுத்து மூடி. ஊருக்கு வரமட்டும் அதத்தான் போட்டிருப்பேன்,” என்று கம்பளியை மடியில் கொட்டினாள். மற்றவர்கள் எல்லாரும் கைவிட்ட பிறகு வந்த வேலை. இதையும் பின்ன முடியாமல் போனால் தன் கை போய்விட்டது என்று அர்த்தம். இசபெலுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கண் போனபோது வராத பயம் இப்போது வந்தது.

இதையெல்லாம் அன்றைக்குத்தான் வினோதாவிடம் சொன்னாள், அவிழ்ந்த நூலைச் சுற்றிக்கொண்டே.

“சுவெட்டர் கெடக்கட்டும்,” என்றாள் வினோதா. “நாளைக்கு மலைக்கு வேலைக்குப் போகாம ஒங்கள டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

பஸ்ஸில் இசபெல் வினோதாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். கந்தப்பளையில் லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றும் வாசம் கனவுக்குள் பச்சையாக வந்துபோனது. நுவரெலியா ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் பெயர் கூப்பிட்டபோதுதான் வினோதா அவளை உலுக்கி எழுப்பினாள்.

டொக்டர் ஒரு இளம் பெண், பேச்சில் யாழ்ப்பாணம். தூக்கம் நழுவும் கதையை வினோதா சொன்னதும், “கண்ணாடியைக் கழட்டுங்கோ,” என்றாள். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். ஏதோ ஒரு சின்ன விசை அழுந்தும் சத்தம். இசபெலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“வெளிச்சம் தெரியுதோ?”

“இல்லீங்க.”

“நிறத்தை மாத்துறன். நீலம். இப்ப?”

“இல்லீங்கம்மா.”

“ம். அசையாம இருங்கோ. தங்கச்சி, நீங்கள் கிட்ட வந்து இவவின்ர கண்மணியைப் பாருங்கோ.”

வினோதாவின் மூச்சு இசபெலின் கன்னத்தில் பட்டது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்தான். பிறகு அவள் கத்தினாள்: “அக்கா! சுருங்குது! மெதுவா, மெதுவா சுருங்குதுக்கா!”

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். டொக்டர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

“வெளிச்சம் வந்தது உங்களுக்குத் தெரியேல்லை. ஆனா உங்கட கண்ணுக்குத் தெரிஞ்சிட்டுது,” என்றாள். நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் சொன்னாள். “கண்ணில பாக்கிறதுக்கு எண்டு இருந்த கலங்கள் எல்லாம் செத்துப்போச்சு. அது திரும்பி வராது, நான் பொய் சொல்லமாட்டன். ஆனா பாக்கிற வேலை செய்யாத கொஞ்சக் கலங்கள் இருக்கு. அதுகள் இன்னும் உயிரோட இருக்கு. அதுகளுக்குள்ள ஒரு மூலக்கூறு, மெலனொப்சின் எண்டு பேர். வானத்து நீல வெளிச்சம் பட்டா அதின்ர உரு மாறும். மாறின உடனே அந்தக் கலம் மூளைக்குச் சேதி அனுப்பும். மூளையில ஒரு மணிக்கூடு இருக்கு. தூக்கம், பசி, உடம்புச் சூடு எல்லாத்துக்கும் அதுதான் நேரம் சொல்லுறது. விளங்குதோ?”

“கொஞ்சம் விளங்குதுங்க.”

“அந்த மணிக்கூடு தன்பாட்டுக்கு ஓடினா கொஞ்சம் மெதுவா ஓடும். ஒரு நாளை அது ஒரு நாளுக்கு மேல கொஞ்சம் நீட்டிப்போடும். காலை வெளிச்சம்தான் தினமும் அதைத் திருப்பிச் சரியாக்கிறது. வெளிச்சம் போகாட்டி உங்கட இரவு தள்ளித் தள்ளித்தான் போகும்.”

இசபெல் யோசித்தாள். “வெளிச்சத்துல கெடந்தா அது வெளுத்துப் போயிடாதுங்களா? நல்ல சாயமெல்லாம் வெயில்ல வெளுத்திருது.”

“நல்ல கேள்வி,” என்றாள் டொக்டர். “பாக்கிற கலங்களில இருக்கிறது அப்பிடித்தான் வெளுக்கும், பிறகு ஆறிச் சரியாகும். இது லேசில வெளுக்காது. வெளிச்சத்துக்குள்ளயே நிண்டு வேலை செய்யும். சரி, சொல்லுங்கோ, நீங்கள் எங்க படுக்கிறனீங்கள்?”

“பின்னறைல.”

“ஜன்னல்?”

“இல்லீங்க. எனக்கெதுக்கு…” என்று தொடங்கிய இசபெல் அப்படியே நிறுத்தினாள். கறுப்புக் கண்ணாடி அவளுடைய விரல்களுக்கிடையில் இருந்தது. அதன் பெரிய பக்கங்களை அவள் மெதுவாகத் தடவினாள்.

காலையில் வெளியே வந்து இருக்க வேண்டும், கண்ணாடி இல்லாமல், தூக்கம் எவ்வளவு வந்தாலும். மூடுபனி என்றாலும் பரவாயில்லை. மேகம் மூடிய வானம்கூட வீட்டு பல்பைவிடப் பல மடங்கு பிரகாசம். பொழுது சாய்ந்த பிறகு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. டொக்டர் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான். இதற்கு ஒத்து வராவிட்டால் மாத்திரை பார்க்கலாம் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் வினோதா ஒவ்வொரு நிறுத்தத்திலும் “விளங்குதோ?” என்று கேட்டு இசபெலின் இடுப்பில் குத்தினாள். இசபெல் சிரித்தாள். ஆனால் மனது வேறெங்கோ இருந்தது. கைவிட்டுப்போன தேயிலை மலை ஒன்று அவளுக்குள் தெரிந்தது. பறிக்கிற ஆட்கள் ஒருவரும் இல்லை. செடிகள் மரமாகிவிட்டன. பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவர் மட்டும் தினமும் விடியலில் வந்து, பனிக்குள் நின்று, பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நின்றுகொண்டிருந்த இடத்தைத்தான் இத்தனை காலமும் கண்ணாடி போட்டு மறைத்து, சாக்கு திணித்து அடைத்து வைத்திருந்தார்கள். அதற்குச் சரி என்று சொன்னதும் அவள்தான்.

அடுத்த காலையில் வினோதா அவளைப் படுக்கையிலிருந்து இழுத்து எடுத்தாள். இசபெலுக்கு அது நடு இரவு. கால்கள் களிமண். லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார வைத்து முகத்தைக் கிழக்கே திருப்பிவிட்டு வினோதா மலைக்குப் போனாள். பனி ஈரமாக இமையில் உட்கார்ந்தது. இசபெல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். எதுவும் வரவில்லை. தலை தொங்கியது, நிமிர்த்தினாள், தொங்கியது.

குடத்தோடு வந்த பெண்களுக்கு நல்ல வேடிக்கை.

“இசபெல் வெயில் காயுறா, வெயிலே இல்லாம.”

“கண்ண முழிச்சு யாரப் பாக்குற? மாப்பிள்ளை வர்ற ரோடு அந்தப் பக்கம்!”

“வரட்டும்,” என்றாள் இசபெல். “அவருக்கும் கண்ணு தெரியாம இருந்தா நல்லது. ஒங்க எல்லார் மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல.”

இப்படிச் சில காலைகள் போயின. வேடிக்கை மெல்லக் கசந்தது. மழைத் தூறலிலும் அவள் குடையோடு அங்கே இருப்பதைக் கண்டு காளியாயிக்கு மனது கேட்கவில்லை. அன்று பின்னேரம், கடையில் ஆட்கள் நின்றபோது அவள் அனோஜாவிடம் நேரே கேட்டுவிட்டாள்: “ஏன்டி, கட வந்ததும் நாத்தனா பாரமாயிட்டாளா? விடிஞ்சும் விடியாம கண்ணு தெரியாத மனுசிய வெளிய தள்ளி வச்சிருக்க?”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அனோஜா வெடித்தாள்.

“லயமே என்னய காறித் துப்புது! என்னக்கா கொற வச்சேன் ஒங்களுக்கு? மெத்த குடுத்தேன், சாக்கு வச்சு அடைச்சேன், குளிர் பட விட்டேனா? பேச வேண்டியத எங்கிட்டப் பேசாம கல்லுல போயி ஒக்காந்து ஊருக்குக் காட்டுறீங்களே!”

இசபெல் டொக்டர் சொன்னதைச் சொன்னாள். தட்டுத் தடுமாறி, மூலக்கூறு, மணிக்கூடு, நீல வெளிச்சம் எல்லாவற்றையும் சொன்னாள். முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கடையை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை.

அனோஜா நம்பவில்லை. “கண்ணு தெரியாதவங்களுக்கு வெளிச்சம் எதுக்குன்னு நெனச்சது நான் மட்டுமா? நீங்களுந்தானே சொன்னீங்க!”

“ஆமா. மொதல்ல சொன்னதே நாந்தான்.”

அந்தப் பதில் அனோஜாவுக்குத் தடுக்கி விழுந்ததுபோல் ஆயிற்று. சண்டை போட எதிரில் யாரும் இல்லை. யேசுரட்ணம் எழுந்து, கைபேசியின் விளக்கைப் போட்டு அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அனோஜாவும் குனிந்து பார்த்தாள்.

“அடியாத்தி,” என்றாள் அனோஜா, மிகவும் சின்னக் குரலில். “சுருங்குதே.”

காலையில் தகர டின்கள் இழுபடும் சத்தம் கேட்டு இசபெல் தடவிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். இஸ்தோப்பில் பிஸ்கட் டின்னெல்லாம் ஒரு மூலைக்குப் போயிருந்தது. ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சு. அனோஜாவின் குரல் இன்னும் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்தது.

“நான் மலைக்குப் போன பொறகு சீனி கேட்டு வர்றவங்க திரும்பிப் போறாங்க. இனிமே காலைல கடைய நீங்க தெறங்க. பலக முழுசையும் தெறந்து வையுங்க. ராத்திரி ஒங்க தம்பி டின்னெல்லாத்தயும் உள்ள எடுத்து வைக்கட்டும், நீங்க இங்கயே படுங்க. மழைல கல்லுல போயி ஒக்காந்தீங்கன்னா தெரியும் சேதி.”

காலைகள் ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை. பயந்துபோன பூனைபோலத் தூரத்தில் நின்று பார்த்தன. இசபெல் பெஞ்சில் உட்கார்ந்து, திறந்த பலகை வழியாக வரும் ஈரக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, தூங்கி வழிந்துகொண்டு சவர்க்காரம் விற்றாள். கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவது நின்றது. பிறகு இரவு தன் இடத்தைப் பார்த்துப் பின்னோக்கி நகர்ந்தது. கறுப்புக் கண்ணாடியைக் காளியாயி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், கோயில் திருவிழாவுக்குப் போட.

ஒரு நாள் அவள் கண் விழித்தாள். லயம் முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தகரத்திலிருந்து ஒரு துளி விழுந்தது, நேரம் கழித்து இன்னொன்று. யாரும் அவளை எழுப்பவில்லை. எங்கோ ஆழத்திலிருந்து அவளே மிதந்து மேலே வந்திருந்தாள். இருட்டு மெல்லிசாக இருந்தது. அசைந்தால் கலைந்துவிடுமோ என்று அவள் அசையாமல் கிடந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதுவோ புறப்பட்டு, பனியைக் கடந்து, பலகை இடுக்கு வழியாக நுழைந்து, ஒன்றுக்கும் உதவாது என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்ட அவளுடைய கண்ணுக்குள் போய், அங்கே இருக்கிற ஒரு மிகச் சின்னப் பொருளைத் தொட்டு உருமாற்றிக்கொண்டிருந்தது. அது நடப்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். அந்த நினைப்பே போதுமாக இருந்தது. சங்கு ஊதும்போது அவள் எழுந்து, கடையைத் திறந்து, ஊசிகளைக் கையில் எடுத்திருந்தாள்.

முன்புறம் முடிந்தது, முறுக்குகள் எல்லாம் இடப்பக்கமே சாய்ந்திருந்தன. முதுகு முடிந்தது. கைகள் இரண்டையும் அளவு பார்க்க வினோதாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள். அவள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாள். டிக்கெட் வந்துவிட்டது, பயமும் சந்தோஷமும் ஒன்றாக.

“நேரா நில்லுடி. ஒரு கை நீளமா போச்சுன்னா ருமேனியாக்காரன் சிரிப்பான்.”

“அங்க நேரமே வேறயாங்க்கா. நம்ம சோறு திங்கிற நேரத்துல அங்க அப்பதான் விடியுமாம். எனக்கு ஒங்க மாதிரி ஆயிருமோன்னு இருக்கு.”

“கொஞ்ச நாளைக்கு ஆகத்தான் செய்யும். போன ஒடனே போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுக்காத. விடிஞ்சா வெளிய வந்து நில்லு, அது போதும். கண்ணு பாத்துக்கும்.”

“விளங்குதோ?” என்றாள் வினோதா. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே நின்றது.

புறப்படும் நாள் காலையில் வேன் கீழ் ரோட்டில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. வினோதாவின் பெட்டியை யேசுரட்ணம் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். வினோதா எல்லாக் காம்பராவிலும் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கடை வாசலுக்கு வந்தாள். இசபெல் கழுத்துப் பட்டியின் கடைசிக் கண்ணியை அடைத்து, நூலை உள்ளே இழுத்துச் சொருகி, மிச்சத்தைப் பல்லால் கடித்தாள். அவசரப்படவில்லை. சுவெட்டரை மடியில் விரித்து, தோள், அக்குள், கை ஓரம் என்று தையல் சேரும் இடங்களில் எல்லாம் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் நின்று, இழுத்துப் பார்த்து, விட்டாள்.

“அக்கா, வேன்காரன் ஏசுறான்.”

“ஏசட்டும். வருசக்கணக்கா போடப்போறது நீ.”

கைகளை உள்ளே மடித்து, கீழ்ப்பாதியை மேலே மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். வினோதா அதை வாங்கி மடிப்பைக் கலைத்து அங்கேயே தலை வழியாகப் போட்டுக்கொண்டாள்.

“கொழும்புக்குப் போறதுக்குள்ள அவிஞ்சு போயிருவ!” என்று உள்ளேயிருந்து அனோஜா கத்தினாள்.

“அவிஞ்சா அவியட்டும்,” என்றது கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல். தலை வெளியே வந்ததும் இசபெல் எட்டிப் பிடித்துக் கழுத்துப் பட்டியை நேராக்கினாள், தோளை இழுத்துவிட்டாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.